ஒரே ஆளை இரண்டு இடத்தில் எண்ணாதீர்கள்: புது சீசனுக்கு முன் ரசிகர்கள் செய்யும் தவறுகள்

புது சீசன் நெருங்கினால் ஒரு தாளை எடுத்து, ஆடுகளத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பெயர் எழுதிப் பார்ப்பது என் வழக்கம். இங்கிலாந்தின் கால்பந்து கிளப்பான லிவர்பூலின் ரசிகர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. 2020-ல் நான் எழுதிய தாளில் சென்டர் பேக் (கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாளர்) வரிசையில் வான் டைக், கோமஸ், மாட்டிப், நாலாவதாக ஃபபின்யோ. இரண்டு இடத்துக்கு நாலு பேர் இருக்கிறார்களே, போதும் என்று தோன்றியது. அந்த ஒரு வரியிலேயே மூன்று தவறுகள் இருந்தன.

பெரிய தவறு ஃபபின்யோ. அதே தாளில் மிட்ஃபீல்டிலும் (நடுக்களத்திலும்) அவர் பெயரைத்தான் முதலில் எழுதியிருந்தேன். அதற்கு முந்தைய இரண்டு சீசனிலும் 38 லீக் ஆட்டங்களிலும் இறங்கிய வான் டைக், அக்டோபர் 17-ல் எவர்டனுக்கு எதிராக முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். நவம்பரில் இங்கிலாந்து அணிப் பயிற்சியில் கோமஸுக்கும் முழங்கால் போனது. அவர்கள் இடத்தில் ஆட மிட்ஃபீல்டிலிருந்து ஃபபின்யோ பின்னால் போனார், அப்புறம் இன்னொரு மிட்ஃபீல்டரான கேப்டன் ஹெண்டர்சனும் போனார். பின்னால் இருந்த ஓட்டையை அடைத்தார்கள், சரி. ஆனால் எதிரணியின் பந்தை நடுவிலேயே பறித்து முன்னால் தள்ளுகிற ஆட்கள் நடுவில் இல்லாமல் போனார்கள். சொந்த மைதானத்தில் 68 லீக் ஆட்டங்களாகத் தோற்காத அணி, அங்கேயே தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் தோற்றது.

மார்ச்சில் அப்போதைய பயிற்சியாளர் க்ளாப் ஃபபின்யோவை மறுபடி மிட்ஃபீல்டுக்குக் கொண்டுவந்தார். பின்னால் நாட் ஃபிலிப்ஸும், லோனில் (வேறு கிளப்பிலிருந்து தற்காலிகமாக) வந்த கபாக்கும். பெயரளவில் பார்த்தால் அந்த டிஃபென்ஸ் இன்னும் பலவீனம். ஆனாலும் கடைசி 10 லீக் ஆட்டங்களில் 8 வெற்றி, 2 டிரா, ஒரு தோல்விகூட இல்லை. 69 புள்ளிகளோடு மூன்றாம் இடம். அதனால் இரண்டு இடத்தில் ஆடக்கூடியவரைத் தாளில் ஒரு முறைதான் எழுத வேண்டும். அவர் நகர்ந்தால் அவருடைய சொந்த இடத்துக்கு யார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அவர் மாற்று ஆள் கணக்கில் வரமாட்டார்.

இரண்டாவது தவறு மாட்டிப். திறமையில் குறையே சொல்ல முடியாது, ஆனால் முந்தைய சீசனில் அவர் ஆடியது 9 லீக் ஆட்டங்கள்தான். அவரை ஒரு முழு ஆளாக எண்ணியிருக்கக் கூடாது. ஜனவரியில் கணுக்கால் காயத்தோடு அவருடைய சீசனும் முடிந்தது. பெயருக்குப் பக்கத்தில் கடந்த இரண்டு சீசனில் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையையும் எழுதிப் பாருங்கள், படம் மாறிவிடும்.

போனவரை மறப்பது மூன்றாவது தவறு. தியாகோ, ஜோட்டா என்ற புது வீரர்கள் வந்த குஷியில், 2020 ஜூலையிலேயே சென்டர் பேக் லோவ்ரன் ரஷ்யக் கிளப்பான ஜெனிட்டுக்குப் போனதும் அவர் இடத்துக்கு யாரையும் வாங்காததும் நமக்கு உறைக்கவில்லை. ஜனவரியில் வீரர்களை வாங்க அனுமதிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் உதவாது. பிப்ரவரி முதல் தேதி அவசரமாக வாங்கப்பட்ட பென் டேவிஸ், லிவர்பூலுக்காக ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடாமலே கிளப்பை விட்டுப் போனார்.

காலண்டரையும் ஒரு பார்வை பாருங்கள். ஆப்பிரிக்கக் கோப்பை 2025 டிசம்பர் 21-ல் தொடங்கி ஜனவரி 18 வரை நடந்தது. ஆப்பிரிக்க வீரர்கள் தங்கள் நாட்டு அணிக்காகப் போய்விடுவதால், காயமே இல்லாமல் கிளப்பில் ஆட்கள் குறைகிற வாரங்கள் அவை.

அப்புறம், நட்பு ஆட்டத்தில் ஒரு கோல் அடித்தான் என்பதற்காக ஓர் இளைஞனை நம்பிக்கைப் பட்டியலில் ஏற்றுகிறோம், இன்னொருவரைக் கவனிக்காமலே விடுகிறோம். 2021 மே மாதம் பர்ன்லியில் ஃபிலிப்ஸ் தலையால் அடித்த கோல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முந்தைய வருடத்தை அவர் லோனில் ஜெர்மன் கிளப்பான ஸ்டுட்கார்ட்டில் கழித்து, பெரியவர்களோடு மோதிப் பழகியிருந்தார். இளம் வீரர் பெயரை எழுதும்போது, போன வருடம் எங்கே, எத்தனை முழு ஆட்டம் ஆடினார் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.