முதலில் தவில் கேளுங்கோ: நல்ல ஹெட்போனுக்கு ஏற்ற ஒலிப்பதிவுகள்

நல்ல ஹெட்போன் ஒன்று கைக்கு வந்தவுடன் கனபேர் செய்வது, பாஸ் அதிருகிற பாட்டொன்றைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டிப் பார்ப்பதுதான். நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து வந்த என் மருமகனும் அப்படித்தான் செய்தான். எனக்கென்று கொண்டுவந்த ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டு, "மாமா, எப்பிடி இருக்கு?" என்றான். அடி நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் அது கணினியில் செய்த அடி. நேரில் எப்படி ஒலிக்கும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதை வைத்து ஹெட்போனை எப்படி மதிப்பது?

அன்று பின்னேரம் அவனைக் கோயில் வீதிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தவில்காரருக்குப் பத்தடி தள்ளி நிறுத்தினேன். வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், விரல்களில் மாட்டுகிற விரற்கூடு படும்போது வருவது காய்ந்த, கூரான சத்தம். இடப்பக்கத் தொப்பியில் கழி விழும்போது அது நெஞ்சுக்குள் இறங்கும். பின்னால் தவிலின் பலாக்கட்டை உடலின் முழக்கம் ஒரு கணம் நின்று அடங்கும். நாதஸ்வரக்காரர் மூச்சு எடுக்கிற இடம், வாயில் வைத்து ஊதுகிற சீவாளி பேசத் தொடங்கும்போது வருகிற சின்ன உராய்வு, தாளம் தட்டி முடிந்த பிறகும் காற்றில் நிற்கிற வெண்கல ஓசை எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து மேளக் கச்சேரிப் பதிவொன்றைப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன், "மாமா, கூடு படுறது தனியாக் கேக்குது" என்றான்.

ஆகவே, உங்கள் காது நேரில் அறிந்த வாத்தியத்தில் இருந்து தொடங்குங்கோ. வீட்டில் பிள்ளை மிருதங்கம் பழகினால் மிருதங்கம். தேவாலயத்துக்குப் போகிறவர் என்றால் பாடகர் குழு.

தவிலுக்கு நான் எடுப்பது யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் (1933–1975) பதிவுகள். பழைய பதிவுகள், நாடா இரைச்சலும் உண்டு. இரண்டு காதுக்கும் ஒரே ஒலியைத் தருகிற மோனோப் பதிவு ஹெட்போனில் தலைக்கு நடுவில் நிற்கும். அது பிழை இல்லை. நல்ல ஹெட்போன் இரைச்சலை அகற்றாது. ஆனால் இரைச்சல் வேறு, விரல் வேறு என்று பிரிந்து கேட்கும். ஐந்து நிமிடத்தில் இரைச்சலை மறந்துவிடுவீர்கள்.

இந்தப் பழைய பதிவுகளில் ஒன்றை மட்டும் கவனியுங்கோ: சுருதி. 1990க்குப் பிறகு போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற் போட்டுக் கேட்டவர்கள் நாங்கள். கை களைத்தால் பாட்டும் களைக்கும். அண்ணன் சுற்ற, நான் சுருதி இறங்குகிற இடத்தில் "சுத்து, சுத்து" என்று கத்துவேன். அதே குறை, இழுபட்ட கசெற்றில் இருந்து மாற்றிய பதிவுகளில் இன்றும் இருக்கிறது. நீண்ட கார்வை ஒன்று நடுங்கினால் அந்தப் பிரதியை விட்டுவிட்டு வேறொன்று தேடுங்கோ.

அடுத்தது, கிற்றார்காரர் ஜோன் மக்லக்லின் நம் வாத்தியக்காரரோடு சேர்ந்து வாசித்த சக்தி குழுவின் முதல் இசைத்தட்டு. நியூயோர்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் 1975 ஜூலை 5 அன்று, ஆட்கள் முன்னால் வாசித்த கச்சேரி. வயலின் எல். சங்கர், சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், தகப்பனார் வி. லட்சுமிநாராயணா இங்கே வயலின் படிப்பித்தவர். தபேலா, மிருதங்கம், கடம் மூன்றும் ஒன்றாக ஓடும். சாதாரண காதுக்கருவியில் மூன்றும் ஒரே மழை. நல்லதில், விக்கு விநாயக்ராம் கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்து விலக்கும்போது அந்தக் 'கும்' வளைவது தெரியும். அதை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருமுறை முழுக்கக் கேளுங்கோ. பிறகு மிருதங்கத்தை மட்டும்.

மூன்றாவதாக நான் வைத்திருப்பது, மோகன வீணைக்காரர் விஸ்வ மோகன் பட்டும் அமெரிக்கக் கிற்றார்காரர் றை கூடரும் சேர்ந்து வாசித்து 1993இல் வெளிவந்த 'எ மீற்றிங் பை த றிவர்'. பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவி அலெக்சாந்தர். கலிபோர்னியாவில் ஒரு தேவாலயத்துக்குள், குறுக்காக வைத்த இரண்டு மைக், பழைய றேடியோவில் இருப்பதுபோன்ற வால்வுக் கருவிகள். பிறகு எதையும் ஒட்டிச் சேர்க்கவில்லை. வாசித்த இருவரும் அன்றுதான் சந்தித்தவர்கள். கண்ணை மூடினால், யார் எந்தப் பக்கம் என்று விரலால் காட்ட முடிய வேண்டும். ஒரு சுரம் ஓய்ந்த பிறகு சுவர் அதைத் திருப்பித் தருவதையும் கேட்க வேண்டும். ஒலிப்பதிவில் 'அறை' என்பது என்னவென்று எனக்கு விளங்கியது இதில்தான்.

இளையராஜாவின் 'ஹௌ ரு நேம் இற்' (1986) இசைத்தட்டு, நிறைய வயலின்கள் சேர்ந்து ஒலிக்கும்போது ஹெட்போன் குழம்புகிறதா என்று பார்க்க நல்லது. வி. எஸ். நரசிம்மனின் தனி வயலின் அந்தக் கூட்டத்துக்குள் கரையக் கூடாது.

பதிவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கோப்பு மோசமாக இருந்தால் பயன் இல்லை. வினாடிக்கு 128 கிலோபிட் எம்பி3இல் முதலில் கெடுவது தாளத்தின் வெண்கல ஓசை. தண்ணீருக்குள் தட்டியதுபோல் சளசளக்கும். சீடி இருந்தால் அதில் இருந்து, ஒலியில் எதையும் இழக்காத கோப்பு வகையான ஃபிளாக் ஆக எடுங்கோ. எம்பி3ஐ ஃபிளாக் ஆக மாற்றினால் போனது திரும்பாது. கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற றெக்கோடிங் பார் கடையில் நான் வேலைக்கு நின்ற காலத்தில், பிரதியில் இருந்து பிரதி எடுத்துத் தரச் சொல்லி வருவார்கள். மூன்றாவது பிரதியில் பாடகர் போர்வைக்குள் இருந்து பாடுவார். அதைப் புதுக் கசெற்றில் பதிந்தாலும் போர்வை போகாது.

மருமகன் தந்தது 300 ஓம் ஹெட்போன், மின்தடை கூடியது. போனில் நேரே செருகினால் சத்தம் சோர்ந்துதான் வரும். ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிற சின்ன அம்ப் ஒன்று வேண்டும். பின்பக்கம் திறந்த வகை என்பதால் மின்விசிறி இரையும் சத்தமும் உள்ளே வரும். நான் விடிய ஐந்து மணிக்கு, விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். எங்கள் வெக்கைக்கு அரை மணியில் காதுப் பஞ்சு நனைந்துவிடும், ஒவ்வொரு முறையும் துடைத்து வையுங்கோ.

இரண்டு ஹெட்போனையோ இரண்டு பிரதியையோ ஒப்பிடும்போது சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கோ. கொஞ்சம் கூடச் சத்தமாக இருப்பதுதான் நல்லது என்று காது உடனே தீர்ப்புச் சொல்லிவிடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபல், கிழமைக்கு 40 மணி. இதற்குமேல் சத்தம் கூடக் கூட, கேட்கலாம் என்கிற நேரம் வேகமாகக் குறையும். தவில் பதிவில் கூடு படுகிற சத்தம் தெளிவாகக் கேட்கிற இடத்தில் நிறுத்திவிடுங்கோ. நான் இப்போது அந்த இடத்தில் அம்பின் குமிழில் பேனையால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.