டைபிரேக்கரில் அடிப்பவரைக் காக்க வைப்பது: எங்கே பலிக்கும், எங்கே சொதப்பும்

தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி, அதையும் தாண்டினால் கேரளத்துப் பொழியூர். இந்தக் கரையோரத்தில் எந்த ஊர் கால்பந்து டோர்னமென்ட்டுக்குப் போனாலும் நாக்-அவுட் ஆட்டம் சமனில் நின்றால் டைபிரேக்கர்தான், அதாவது இரு அணியும் மாறி மாறிப் பெனால்டி அடிப்பது. அங்கே ஒரு காட்சி தப்பாமல் நடக்கும். அடிக்க வேண்டியவர் பந்தை வைத்துவிட்டு நிற்பார். கோலி, அதாவது கோல்கீப்பர், குனிந்து லேஸ் கட்டுவார், கிளவுஸைக் கழற்றித் திரும்ப மாட்டுவார், பந்து புள்ளியில் இல்லை என்று ரெஃப்ரியிடம் முறையிடுவார். கோலுக்குப் பின்னாலிருந்து "மெதுவா மக்கா, மெதுவா" என்று குரல் வரும். இதற்குப் பலன் உண்டா என்றால், கொஞ்சம் உண்டு. ஆனால் பலர் இதைச் செய்கிற விதத்தில் எதிரணிக்குத்தான் லாபம்.

இதையே ஒரு வழக்கமாக வைத்திருப்பது அமெரிக்கக் கால்பந்து. அங்கே ஒரு அணிக்கு ஒரு பாதியில் 3 டைம்-அவுட். ஆட்டத்தின் கடைசி நொடிகளில் எதிரணி உதையாளர் கம்பங்களுக்கு நடுவே பந்தை அனுப்பத் தயாராகும்போது, பந்து கைமாறுவதற்கு ஒரு கணம் முன்னால் பயிற்சியாளர் டைம்-அவுட் கேட்பார். 2007 செப்டம்பரில் டென்வர் பயிற்சியாளர் மைக் ஷனஹான் இப்படித்தான் ஓக்லாந்தின் செபாஸ்டியன் ஜனிகோவ்ஸ்கியை நிறுத்தினார். 52 யார்டிலிருந்து அவர் சரியாகவே அடித்திருந்தார், ஆனால் அது செல்லாது. திரும்ப அடித்தது கம்பத்தில் பட்டுப் போனது, டென்வர் வென்றது. மறு வாரம் ஓக்லாந்தே அதைக் கிளீவ்லாந்திடம் செய்து ஜெயித்தது. அதன் பிறகு எல்லாரும் செய்ய ஆரம்பித்தார்கள்.

ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் வாஷிங்டன் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் ஒன்றுக்கு இரண்டாக அடுத்தடுத்து டைம்-அவுட் கேட்டார். விதிப்படி அது தவறு. 15 யார்டு தண்டனை விழுந்தது. 51 யார்டு உதை 36 யார்டாகச் சுருங்க, பஃபலோவின் ரியன் லிண்டல் சுலபமாக அடித்து முடித்தார்.

கணக்குப் பார்த்தவர்களும் ஒரே முடிவுக்கு வரவில்லை. 2002, 2003 சீசன்களை எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு, நெருக்கடி நேரத்து 40 யார்டு உதை 100-க்கு 76 போல உள்ளே போகும் இடத்தில், நிறுத்தி வைத்த பிறகு 66 போல ஆகிறது என்றது. பின்னால் கூடுதல் ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் குறிப்பிடும்படி வித்தியாசமே இல்லை என்றார்கள். அதாவது, இருந்தாலும் சிறியது. அதை நம்பி ஒரு தண்டனையை வாங்கிக் கட்டிக்கொள்வது நஷ்டக் கணக்கு.

நம் கால்பந்தில் டைம்-அவுட் கிடையாது. அணிக்கு ஐந்து பேர் ஆடும் உள்ளரங்க ஃபுட்சாலில் உண்டு, பாதிக்கு ஒன்று, ஒரு நிமிடம். ஆனால் கேட்கிற அணியிடம்தான் அப்போது பந்து இருக்க வேண்டும். ஆகவே எதிராளி அடிக்கப் போகும்போது டைம்-அவுட் கேட்டு ஆளை ஆறவைக்க அங்கேயும் முடியாது. எனவே நம்மூரில் காக்க வைக்கும் வேலை முழுக்கக் கோலியின் தலையில் விழுகிறது.

அடிப்பவருக்கு எங்கே வலிக்கிறது

பெனால்டி 11 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் பந்து கோட்டைத் தொட 0.4 நொடிதான். அந்த 0.4 நொடியில் கோலி செய்யக்கூடியது குறைவு. அதற்கு முந்தைய அரை நிமிடத்தில் செய்யக்கூடியது அதிகம்.

நார்வே ஆய்வாளர் கெய்ர் யூர்டெட் சர்வதேச டைபிரேக்கர்களின் வீடியோக்களை நொடிக் கணக்கில் அளந்து பார்த்தார். இரண்டு விஷயம் தெரிந்தது. ரெஃப்ரி அதிக நேரம் காக்க வைத்தவர்கள் அதிகம் தவறவிட்டார்கள். விசில் கேட்டதும் தடாலென்று ஓடியவர்களும் அதிகம் தவறவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். காத்திருப்பு ஆளை அரிக்கிறது, அரிப்பு தாங்காமல் விசில் வந்ததும் "முடிந்தால் போதும்" என்று ஓடுகிறார். கோலி சம்பாதிக்க வேண்டியது அந்த அவசரத்தைத்தான். அடிப்பவர் காப்பாற்ற வேண்டியது தன் நிதானத்தை.

கோலி செய்யலாம், செய்யக்கூடாது

2022 டிசம்பர் 18, லுசைல் மைதானம், உலகக் கோப்பை இறுதிப் போட்டி. அர்ஜென்டினா கோலி எமிலியானோ மார்ட்டினெஸ் பந்தைத் தூர எறிந்தார். பிரான்சின் சுவாமெனி போய் எடுத்து வந்து வெளியே அடித்தார். அதற்கடுத்த ஆண்டே விதி இறுக்கப்பட்டது. 2023 ஜூலை முதல், உதையைத் தாமதப்படுத்துவது, கம்பத்தையோ குறுக்குக் கம்பத்தையோ வலையையோ தொடுவது இவையெல்லாம் அடிப்பவரை முறையின்றித் திசைதிருப்புவதாகவே கருதப்படும். பந்தை எறிந்தால், உதைத்துத் தள்ளினால், இன்றைக்கு மஞ்சள் அட்டைதான். டைபிரேக்கருக்குள் இரண்டு மஞ்சள் வாங்கினால் வெளியே போக வேண்டும், களத்தில் ஆடியவர் ஒருவர் கிளவுஸ் மாட்ட வேண்டி வரும். ஆட்ட நேரத்தில் வாங்கிய மஞ்சள் டைபிரேக்கருக்குத் தொடராது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மிச்சம் இருக்கிற இடம் குறுகலானது, ஆனால் இருக்கிறது. முந்தைய உதை முடிந்ததும் ஓடி வராதீர்கள், நடந்து வாருங்கள். அடிப்பவர் பந்தை வைத்து நிமிர்ந்த பிறகு கோட்டுக்கு வாருங்கள். அவர் பந்தை வைக்கும் முன்பே நீங்கள் கோட்டில் நின்றால், காத்திருப்பது நீங்கள்தான். பந்து புள்ளியில் இருக்கிறதா என்று ரெஃப்ரியைக் கேட்பது ஒரு டைபிரேக்கரில் ஒரே ஒரு முறை. அதையும் அவர்களின் முதல் உதையில் வீணாக்காமல் மூன்றாவதற்கோ நான்காவதற்கோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை கேட்டால் ரெஃப்ரிக்கு எரிச்சல் வரும், மூன்றாவதற்கு அட்டை வரும்.

ரெஃப்ரி விசிலை வாயில் வைத்ததும் தாமதிக்கும் வேலை முடிந்தது. பாதிக் கோலிகள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அடிப்பவரிடம் வாயாடிக்கொண்டே நின்று, விசில் வரும்போது இரு காலும் சமநிலையில் இல்லாமல் இருப்பார்கள். தாமதத்தால் சம்பாதித்ததைத் தாவலில் தொலைப்பது அது. விசிலுக்கு முன் முட்டி சற்று மடங்கி, எடை முன்பாதத்தில் இருக்க வேண்டும். பந்து உதைபடும் நொடியில் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ, நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும். இரண்டும் முன்னால் போய்விட்டு நீங்கள் தடுத்தால் உதை திரும்ப எடுக்கப்படும். முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை மஞ்சள்.

தாமதத்தைவிட மலிவான இரண்டு வித்தைகள் உண்டு. நடுவிலிருந்து 6 முதல் 10 செ.மீ. ஒரு பக்கம் தள்ளி நில்லுங்கள். அடிப்பவருக்கு அது கண்ணில் தெரியாது, ஆனால் அகலமான பக்கம் அடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று சோதனையில் தெரிந்திருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் தாவத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று, எப்போதாவது தாவாமலே நிற்பது. 286 பெனால்டிகளை ஆராய்ந்த ஓர் ஆய்வில் உதைகளில் கால்வாசிக்கும் மேல் நடுவில்தான் வந்தன. கோலிகள் நடுவில் நின்றது 100-க்கு 6 முறைதான். கூட்டத்துக்கு முன்னால் சும்மா நின்று கோல் வாங்க யாருக்கும் மனம் வருவதில்லை.

அடிப்பவர் நேரத்தைத் தன் கையில் எடுப்பது

பந்தைக் கோலியின் கையிலோ ரெஃப்ரியின் கையிலோ விடாதீர்கள். நடுக்கோட்டிலிருந்து கிளம்பும்போதே உங்கள் கையில் இருக்கட்டும். கோலி கோட்டுக்கு வராமல் உலாத்தினால் பந்தை வைக்காதீர்கள், கையில் பிடித்தபடி நில்லுங்கள். வைத்துவிட்டுக் கும்பிடுகிற மாதிரி நின்றால்தான் காத்திருப்பு உங்களைத் தின்னும். கோலி பந்தைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சோதிக்க வேண்டுமானால் அது ரெஃப்ரியின் வேலை.

கடற்கரை மணல் மைதானங்களில் இன்னொரு வேலையும் இருக்கிறது. நாலைந்து பேர் அடித்த பிறகு புள்ளிக்குப் பக்கத்தில் ஊன்றுகால் விழும் இடம் குழியாகிவிடும். கோலி தாமதிக்கும் நேரத்தை அதற்குச் செலவிடுங்கள். பந்துக்குப் பக்கவாட்டில், உங்கள் ஊன்றுகால் வரும் இடத்தைப் பாதத்தால் நிரவி இரண்டு முறை மிதியுங்கள். பந்தைக் குழியில் அமுக்கி வைக்காதீர்கள், சுண்ணாம்புப் பொடி மிச்சமிருக்கும் உறுதியான விளிம்பில், காற்றடைக்கும் வால்வு மேலே பார்க்க வையுங்கள். பந்தின் ஒரு பகுதி புள்ளியின் நடுவைத் தொட்டாலோ அதன் மேல் தொங்கி நின்றாலோ விதிக்குப் போதும்.

ஊன்றுகால் சறுக்கி பந்தில் பட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2025 ஜூலை முதல், தற்செயலாக இருமுறை பட்டுப் பந்து கோலுக்குள் போனால் திரும்ப அடிக்க வேண்டும். டைபிரேக்கரில் உள்ளே போகாவிட்டால் தவறியதாகவே கணக்கு. குழியை மிதிக்கும் 3 நொடி இந்தத் தலைவலியை மிச்சப்படுத்தும்.

பிறகு பின்னால் போங்கள். எத்தனை எட்டு என்பது உங்கள் இஷ்டம், 4 முதல் 6 எட்டு பலருக்குச் சரிவரும், ஆனால் எப்போதும் ஒரே எண்ணிக்கை. கோலிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடக்க வேண்டாம், பின்னோக்கியே போங்கள். எந்த மூலை என்பது நடுக்கோட்டிலிருந்து நடக்கும்போதே முடிவாகியிருக்க வேண்டும். விசில் கேட்டதும் ஒரு முறை மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். ஒன்று, ஒன்றரை நொடி ஆகும். அதன் பிறகு ஓடுங்கள். விசில் என்பது அனுமதி, கட்டளை இல்லை. அதற்காக நிமிடக் கணக்கில் நிற்கவும் முடியாது, ரெஃப்ரி அட்டையை எடுப்பார்.

நடுவில் ரெஃப்ரி நிறுத்திவிட்டால், கோலி கோட்டைத் தாண்டினார் என்றோ யாரோ உள்ளே வந்தார்கள் என்றோ, பந்துக்குப் பக்கத்திலேயே நிற்காதீர்கள். முதலில் நின்ற இடத்துக்குத் திரும்பிப் போய் மூச்சிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்யுங்கள். மூலையை மாற்றாதீர்கள். காக்க வைப்பதன் மிகப் பெரிய தீங்கு இந்த மறுயோசனைதான். "அவன் கண்டுபிடிச்சிட்டான்" என்று தோன்றும், கடைசி நொடியில் மாற்றுவீர்கள், பாதம் ஒன்று சொல்ல இடுப்பு ஒன்று சொல்லும். பந்து நடுவில் மெதுவாகப் போய்ச் சேரும். ஓடி வரும்போது வேகத்தைக் குறைத்துக் கோலியைப் பார்ப்பது செல்லும். ஓட்டத்தை முடித்து பந்துக்கு மேல் காலை நிறுத்தி ஏமாற்றுவது செல்லாது, மஞ்சள் அட்டையும் உண்டு.

பயிற்சியில் இதைக் கொண்டு வருவது கஷ்டமில்லை. ஆட்டம் முடிந்து கால் சோர்ந்திருக்கும்போது ஆளுக்கு ஐந்து பெனால்டி. ஒருவர் விசிலை வைத்துக்கொண்டு பந்து வைத்த பிறகு 2 நொடியிலோ 30 நொடியிலோ, தான் நினைத்த நேரத்தில் ஊதட்டும். கோலி என்ன வேண்டுமானாலும் பேசலாம். இரண்டு உதைகளை நடுவில் நிறுத்தித் திரும்ப அடிக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் பழகிவிட்டால் மேட்சில் கோலி லேஸ் கட்டும்போது அடிப்பவருக்குச் சிரிப்புதான் வரும்.

மேனேஜர் தன் ஆளையே ஆறவைப்பது

2011 டிசம்பர், டல்லஸ் – அரிசோனா ஆட்டம். டல்லஸ் உதையாளர் டான் பெய்லி 49 யார்டிலிருந்து அடித்தது உள்ளே போனது. ஆனால் அதற்கு ஒரு கணம் முன்னால் டைம்-அவுட் கேட்டிருந்தவர் டல்லஸின் சொந்தப் பயிற்சியாளர் ஜேசன் கேரட்டே. திரும்ப அடித்தது எட்டவில்லை, கூடுதல் நேரத்தில் டல்லஸ் தோற்றது.

நம் ஊர் மைதானங்களில் இது ஒவ்வொரு டைபிரேக்கரிலும் நடக்கிறது, டைம்-அவுட் இல்லாமலே. ஐந்து பேரின் பெயரைக் கொடுத்த பிறகு மேனேஜர் ஒருவரைக் கூப்பிட்டு "லேய், இடதுக்கு அடி, அந்தக் கோலி வலது பக்கம்தான் சாடுவான்" என்பார். பக்கத்தில் நிற்கும் மாமா ஒருவர் "சாடாம நிப்பான், உள்ளால அடி" என்பார். கேப்டன் வேறொன்று சொல்வார். எதிரணிக் கோலி பத்து நிமிடம் பாடுபட்டாலும் இத்தனை குழப்பத்தை உண்டாக்க முடியாது. செய்ய வேண்டியது: ஆட்டம் முடிந்ததும் வரிசையைச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், வாயை மூடுங்கள். பேசியே ஆக வேண்டுமென்றால் கோலியிடம் பேசுங்கள். எதிரணி ஆட்களில் யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்பது அவருக்குத்தான் பயன்படும்.

கோலியை மாற்றுவது மேனேஜரிடம் இருக்கும் சட்டப்படியான ஒரே பெரிய ஆயுதம். 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் கோஸ்டாரிகாவுக்கு எதிராக ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் நெதர்லாந்து டிம் குருலை இறக்கியது. அவர் ஒவ்வொருவரிடமும் போய் வாயாடினார், இரண்டைத் தடுத்தார். அதற்கு மாற்று ஆட்டக்காரர் கணக்கில் ஒன்று மிச்சம் இருக்க வேண்டும். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸில் கமிட்டிக்குக் கமிட்டி மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கை மாறும், பெனால்டி தூரமும் மாறும். ஆட்டத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கமிட்டிக்காரர்களுக்கும் ரெஃப்ரிக்கும் ஒன்று. அடிப்பவரின் அணிக் கோலி, பெனால்டி ஏரியா கோடு கோல் லைனைத் தொடும் இடத்தில் நிற்கட்டும், மற்றவர்கள் எல்லாரும் நடுவட்டத்துக்குள். கோல் கம்பத்துக்குப் பின்னால் கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி வையுங்கள். முதல் உதைக்கு முன்பே இரு கோலிகளையும் ஒன்றாகக் கூப்பிட்டு, வலையைத் தொட்டால், பந்தை எடுத்தால் அட்டை என்று சொல்லிவிடுங்கள். அடிப்பவரும் கோலியும் தயாரானதும் உடனே ஊதுங்கள், இரு அணிக்கும் அதே வேகத்தில். ஒருவருக்கு 4 நொடியிலும் அடுத்தவருக்கு 20 நொடியிலும் விசில் போனால், காக்க வைத்தது கோலி இல்லை, ரெஃப்ரி.