ஐயாவின் ஜனதா: சாவிக் கடிகாரத்தைக் கட்டுவதும் கைமாற்றுவதும்

ஐயா கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம், எங்கள் வீட்டில் இப்போது மாதம் ஒருவர் கையில் இருக்கிறது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. கடிகார ஆலையை மூட 2016-இல் அரசு முடிவெடுத்துவிட்டதால், இருப்பதைப் பெட்டகத்தில் பூட்டவே பலருக்கும் தோன்றும். பூட்டினாலும் உள்ளே எண்ணெய் காயத்தான் செய்யும். காய்ந்தது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை, நெடுநாள் ஓடாத கடிகாரத்துக்குச் சாவி கொடுக்காமல், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கழுவி எண்ணெய் இடச் சொல்வது. வீட்டில் இல்லாதவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடிப் பார்க்கலாம். டயல் புத்தம்புதிதாகப் பளபளத்தால் எழுத்துகளின் ஓரத்தை உற்றுப் பாருங்கள்; பிசிறு தெரிந்தால் அது மறுபடி வண்ணம் பூசியதாக இருக்கலாம்.

அடுத்தது சாவி. தினமும் காலையில், கையிலிருந்து கழற்றிய பிறகே, பக்கத்துத் திருகை முன்னோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். கட்டியபடியே சுற்றினால் அதன் மெல்லிய தண்டு வளையும். எத்தனை சுற்று என்று எண்ணுவதைவிட விரலை நம்புவது நல்லது, ஏனெனில் ஸ்பிரிங் நிறைந்ததும் திருகு தானே இறுகும், அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கல்லூரி நாளில் ‘இன்னும் ஒன்று’ என்று அழுத்தி நானே தண்டை முறித்திருக்கிறேன்.

மணியைச் சரிசெய்து, மறுநாள் அதே வேளையில் கைப்பேசியோடு ஒப்பிடுங்கள். அரை நிமிடம் முன்பின் இருந்தால் இந்த வயதுக்கு அது குறையே அல்ல. பிற்பகலில் வீட்டின் உள்முற்றமான வளவில் தூணில் சாய்ந்து காதருகே வைத்தால் நொடிக்கு ஐந்து தட்டல் கேட்கும். இந்தச் சுகம் பேட்டரிக் கடிகாரத்தில் இல்லை.

கட்டும்போது தண்ணீரும் வியர்வையும்தான் எதிரி. கை கழுவுமுன் கழற்றுங்கள். சித்திரை வெயிலில் அலைந்து வந்தால் பின்மூடியையும் வாரையும் பருத்தித் துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

கைமாற்றும் நாளில் கடிகாரத்தை மட்டும் கொடுக்காதீர்கள். வாங்குபவரை எதிரே உட்காரவைத்து, அவர் கையாலேயே சாவி கொடுக்கச் செய்து, இறுகும் இடத்தை விரலால் உணர்ந்த பிறகு கட்டிவிடுங்கள். சென்ற மாதம் முறை தம்பி மகனுக்கு. வார் அவன் கையில் வளையல்போல் சுற்றியது. அப்பத்தா கோணூசியை எடுத்துவந்து, ஐயாவின் தேய்ந்த துளையிலிருந்து மூன்று விரற்கடை தள்ளிப் புதுத் துளை போட்டுக் கொடுத்தார்.