வீகன் கஃபேயில் ஆர்டர் கொடுக்கும் முன்

விலங்குகளிடமிருந்து பெறும் எதையும் பயன்படுத்தாத வீகன் கஃபேயில் பால், முட்டை, தேன் ஆகியவை சேராது என்பதால், ஒவ்வாமை உள்ளவர்களும் அங்கே கவலையின்றிச் சாப்பிடலாம் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். ஆனால் சீஸுக்குப் பதிலாக வருவது பெரும்பாலும் ஊறவைத்து அரைத்த முந்திரியாகவும், முட்டைப் பொரியலைப் போலத் தோன்றுவது சோயாவிலிருந்து செய்த டோஃபுவாகவும், இறைச்சியைப் போல மெல்ல வேண்டியிருப்பது கோதுமைப் புரதமான சைத்தானாகவும் இருக்கக்கூடும். ஆகவே கொட்டைப் பருப்பு, சோயா, குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) ஆகியவற்றில் எது ஒத்துக்கொள்ளாது என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லி, ஒரே வாணலியும் ஒரே மிக்ஸியும் எல்லாவற்றுக்கும் பயன்படுகின்றனவா என்றும் கேட்டுவிடுங்கள். சிறிய சமையலறைகளில் பாத்திரங்களைப் பற்றிய இந்தக் கேள்வியே முக்கியமானது என்பது என் கருத்து.

காபியில் சோயாப் பாலோ பாதாம் பாலோ திரிந்து மிதந்தால், அது கெட்டுப்போனது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்; காபியின் அமிலமும் சூடும் சேர்ந்து அதிலுள்ள புரதத்தைத் திரியச் செய்திருக்கலாம். ஓட்ஸ் பால் பொதுவாக அவ்வளவு எளிதில் திரியாது. விடுமுறை நாட்களில் முற்பகல் நெரிசல் தொடங்குவதற்கு முன்பே சென்றால், இவற்றையெல்லாம் நிதானமாகக் கேட்டறிய முடியும்.