இலங்கையின் 2022 பணவீக்கம்: எண்ணைச் சொல்லும்போது எங்கே தவறுகிறோம்?

"2022ல் இலங்கையின் பணவீக்கம் 70 சதவீதம்" என்று பலரும் எழுதுகிறார்கள். எண் பொய்யல்ல, ஆனால் அது முழு ஆண்டுக்கும் உரியதல்ல. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி (கொழும்பு வீடுகள் வழக்கமாக வாங்குபவற்றின் விலை மாற்றத்தை அளக்கும் கணக்கு) 69.8 என்பது 2022 செப்டம்பர் விலைகளை 2021 செப்டம்பரோடு ஒப்பிட்ட கணக்கு. அதே ஆண்டு ஜனவரியில் அது 14.2, டிசம்பரில் 57.2, பன்னிரண்டு மாதச் சராசரி 46.4. எந்த மாதம், எந்தக் கணக்கு என்று சொல்லாமல் எழுதாதீர்கள். ஒரு நாட்டின் உச்ச மாதத்தையும் இன்னொரு நாட்டின் ஆண்டுச் சராசரியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இதைவிட மோசம்.

அடுத்த தவறுக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்லியிருக்கிறேன். 2023 செப்டம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு இறங்கிய செய்தி வந்ததும் மாமி கேட்டார்: "எல்லாம் குறைஞ்சிட்டுது எண்டு சொல்லுறாங்கள், கடையில பருப்பு பழைய விலைக்கு வரேல்லையே?" நியாயமான கேள்வி. பணவீக்க வீதம் காட்டுவது விலை ஏறும் வேகத்தை. 2021 செப்டம்பரில் மாதம் 50,000 ரூபாயில் நடந்த வீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் செலவு சுட்டெண்ணைப் போலவே ஏறியிருந்தால், ஓராண்டில் 84,900 ரூபாய். அதற்கடுத்த ஆண்டு வேகம் தணிந்து சுமார் 86,000. 50,000க்குத் திரும்பவே இல்லை. சம்பளம் மட்டும் பழைய இடத்தில் நின்ற வீட்டுக்கு "பணவீக்கம் தணிந்தது" என்ற செய்தி எப்படி ஆறுதல் தரும்?

இதே கணக்கில் இன்னொரு சறுக்கல்: 69.8 சதவீதப் பணவீக்கம் என்றால் பணம் தன் மதிப்பில் 70 சதவீதத்தை இழந்தது என்று நினைப்பது. 100 ரூபாய்ப் பொருள் 169.80 ஆனது, அப்படியென்றால் கையிலுள்ள 100 ரூபாய்க்கு முன்பு 59 ரூபாய்க்கு வாங்கியதுதான் கிடைக்கும். இழப்பு 41 சதவீதம். அதுவே பெரிய அடி, ஊதிப் பெருக்கத் தேவையில்லை.

காரணம் சொல்லும்போது "காசு அச்சடித்தார்கள்" என்று ஒரே வரியில் முடிப்பதும் சரியல்ல. அச்சடித்தது உண்மை. ஆனால் 2021ன் இரசாயன உரத் தடை விளைச்சலை வீழ்த்தியது. 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயின் மதிப்பைத் தாங்கிப் பிடிப்பதைக் கைவிட்டதும், 200 ரூபாயளவில் இருந்த டாலர் மே மாதத்துக்குள் 360ஐ எட்டியது. உலகச் சந்தையில் எண்ணெயும் அப்போதுதான் ஏறியது. 177 ரூபாய் பெட்ரோல் ஜூன் இறுதியில் 470.

அப்புறம், கொழும்புச் சுட்டெண்ணை நாடு முழுவதற்கும் பொருத்திவிடுகிறோம். நாடு முழுவதையும் அளக்கும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டம்பரில் 73.7. உணவுப் பணவீக்கமோ கொழும்புக் கணக்கிலேயே 94.9. வருமானத்தில் பெரும்பகுதியை அரிசிக்கும் மாவுக்கும் கொடுக்கும் மலையகத் தோட்டக் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால், முதலில் பார்க்க வேண்டியது அந்த உணவுக் கணக்கைத்தான்.