பிள்ளைக்கு முதல் போன்: வாங்கும்போது செய்யும் தவறுகள்

மே கடைசி வாரம் வந்துவிட்டால் கோவில்பட்டியில் நோட்டுப் புத்தகக் கடைகளுக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேர்வது எங்களைப் போன்ற செல்போன் கடைகளில்தான். "பையன் மூன்றாம் வகுப்புப் போகிறான் அண்ணாச்சி. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். டியூஷன் விட்டு வரும்போது பேச ஒரு சின்ன போன் போதும்" என்று ஆரம்பிப்பார்கள். கடையில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் கேட்டதை எடுத்து நீட்டிவிடுவார்கள். விற்பவர் அவசரமும் வாங்குபவர் அவசரமும் சேர்ந்தால், ஜூலை மாதம் அதே குடும்பம் அதே போனோடு சண்டைக்கு வந்து நிற்கும். வருடா வருடம் இதே கதை.

சின்னப் பிள்ளைக்கு விலை உயர்ந்த ஸ்மார்ட்போன் கூடாது, இணையத்தில் கண்டதெல்லாம் இருக்கும் என்பதை நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் பார்ப்போம்.

போனை எடுத்துவிட்டுச் சிம்மை யோசிப்பது

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பட்டன் போன்களில் பிள்ளை நீல நிறத்தைத் தொட்டுக் காட்டும். அப்பா உடனே பணத்தை எடுப்பார். "சிம் வேண்டாம், வீட்டில் ஜியோ சிம் ஒன்று சும்மா கிடக்கிறது." வம்பு இங்கேதான் தொடங்குகிறது. ஜியோ 2016-ல் வந்தபோதே 4ஜி-யோடுதான் வந்தது. அதற்கு 2ஜி சேவையே கிடையாது. விலை குறைந்த பட்டன் போன்களில் பல இன்னும் வெறும் 2ஜி. அதில் அந்தச் சிம்மைப் போட்டால் திரையில் ஒரு கோடு சிக்னல்கூட வராது. போன் ரிப்பேர் என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். போனிலும் குறை இல்லை, சிம்மிலும் குறை இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாதவை, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 2023-ல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் 4ஜி பட்டன் போன். ஆனால் அதில் ஜியோ சிம் மட்டுமே வேலை செய்யும். வேறு நிறுவனத்தின் சிம்மை வைத்துக்கொண்டு அதை வாங்கினாலும் அலைச்சல்தான்.

ஆகவே எந்தச் சிம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதை முடிவு செய்ய வேண்டிய இடமும் கடை அல்ல. டியூஷன் வீட்டு வாசலிலும், வேன் இறக்கிவிடும் திருப்பத்திலும் போய் நின்று எந்த நிறுவனத்தின் சிக்னல் உறுதியாகக் கிடைக்கிறது என்று பாருங்கள். வீட்டில் சிக்னல் நன்றாக இருந்து பயனில்லை. பிள்ளை வீட்டில் இருக்கும்போது போன் எதற்கு? அதன் பிறகு பெட்டியில் 4ஜி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 4ஜி பட்டன் போனுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், தவறில்லை.

"அவசரத்துக்குத்தானே, ரீசார்ஜ் எதற்கு?"

எத்தனை முறை கேட்டாலும் எனக்கு எரிச்சல் அடங்காத கேள்வி இது. போனுக்கு ஆயிரம் ரூபாய் யோசிக்காமல் கொடுப்பவர்கள் ரீசார்ஜ் என்றதும் கையை இழுத்துக்கொள்வார்கள். "அவன் யாருக்குப் பேசப் போகிறான்? நாங்கள் கூப்பிட்டால் எடுக்க வேண்டும். அவனுக்கு எங்களிடம் பேச வேண்டுமென்றால் மிஸ்டு கால் கொடுப்பான். அதற்குக் காசா?"

இந்தக் கணக்கு ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. லைஃப்டைம் சிம் என்று ஒன்று இருந்ததே, அப்போது பத்து ரூபாய் டாப்-அப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் இன்கமிங் வாங்கிக்கொண்டிருக்கலாம். 2018 கடைசியில் அது முடிந்துபோனது. சிம் வேலை செய்ய வேண்டுமானால் 28 நாளைக்கு ஒருமுறை 35 ரூபாயாவது போட்டாக வேண்டும் என்று நிறுவனங்கள் கொண்டுவந்தன. அந்த 35 படிப்படியாக ஏறி, 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பிறகு ஏர்டெல்லில் 28 நாளைக்கு 199 என்று வந்து நின்றது. காலம் மாறிவிட்டது. பெற்றோர் மனதில் மட்டும் இன்னும் லைஃப்டைம் சிம் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேலிடிட்டி முடிந்தால் என்ன ஆகும்? அவுட்கோயிங் உடனே நின்றுவிடும். மிஸ்டு காலும் அவுட்கோயிங்தான். எதிர்முனையில் எடுக்காததால் காசு இல்லையே தவிர, அழைப்பு கிளம்புவதற்கு வேலிடிட்டி வேண்டும். இன்கமிங் அப்படி உடனே நிற்காது, சில நாள் தாமதித்துத்தான் நிற்கும். ஆளை ஏமாற்றுவது இந்த இடைவெளிதான். அம்மா ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பார், மணி அடிக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அந்த நேரத்தில் பிள்ளையால் திருப்பிக் கூப்பிட முடியாது என்பது அவருக்குத் தெரியாது.

தீப்பெட்டி ஆலையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் மகளுக்குப் பட்டன் போன் வாங்கினார். ஜூன் 8-ம் தேதி 28 நாள் பேக் போட்டார். ஒரு மாதம் என்று மனதில் குறித்துக்கொண்டார். 28 நாள் ஒரு மாதம் ஆகாது. ஜூலை 5-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் ஒருநாள் டியூஷன் அக்காவுக்கு ஏதோ வேலை வர, பிள்ளைகளைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார். இந்தச் சிறுமி அம்மா சொல்லிக்கொடுத்தபடி மாவு மில் திண்ணையில் உட்கார்ந்து மிஸ்டு கால் கொடுத்திருக்கிறாள். பதிவு செய்த குரல் ஒன்று என்னவோ சொல்லியிருக்கிறது. அம்மாதான் யாரையோ பேச விட்டிருக்கிறார் என்று நினைத்து மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறாள். வழக்கமான நேரத்துக்கு அம்மா கூப்பிட்டபோது இன்கமிங்கும் நின்றிருந்தது. மில்காரர் தன் போனிலிருந்து பேசிய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

மறுநாள் அந்த அம்மா என் மேஜைமேல் போனை டொக்கென்று வைத்தார். "நல்ல போனாகக் கேட்டேனே அண்ணாச்சி!" நான் இன்பாக்ஸைத் திறந்து காட்டினேன். வேலிடிட்டி முடியப் போகிறது, முடிகிறது, முடிந்துவிட்டது என்று நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்திகள் வரிசையாகத் திறக்கப்படாமல் கிடந்தன. நினைவூட்ட வேண்டியது அம்மாவுக்கு. செய்தி போனது எட்டு வயதுப் பிள்ளையின் பைக்குள். தப்பு யாருடையது என்று நான் வாதம் செய்யவில்லை. ஆனால் இதைத் தவிர்ப்பது சுலபம். நிறுவனத்தின் செயலியை உங்கள் போனில் போட்டு அதில் பிள்ளையின் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது ஒத்துவராதவர்கள் முடியும் தேதியைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மாதத் தேதியை நம்பாதீர்கள், 28-ஐ எண்ணுங்கள்.

இதில் இன்னொரு குழப்பத்தை வாட்ஸ்அப் கிளப்பிவிட்டது. "மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் நான்கு மாதம் சிம் உயிரோடு இருக்கும், ட்ராய் சொல்லிவிட்டது" என்று ஒரு செய்தி 2025 தொடக்கத்தில் வலம் வந்தது. ட்ராய் என்பது தொலைத்தொடர்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம். அது புதிய அறிவிப்பும் இல்லை, நீங்கள் நினைப்பதும் இல்லை. 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். 20 ரூபாயோ அதற்கு மேலோ இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் எண்ணை வைத்திருக்க வேண்டும். 2013-லிருந்து இருக்கும் விதி இது. எண் பறிபோகாது என்பதற்குத்தான் இந்த 20 ரூபாய். அந்த எண்ணுக்கு அழைப்பு வரும், போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பூட்டிய வீட்டுக்குப் பட்டா மட்டும் கையில் இருப்பது போலத்தான்.

அதையும் கவனிக்காமல் விட்டால் எண்ணே போய்விடும். துண்டித்த எண்ணை 90 நாள் கழித்து நிறுவனம் வேறொருவருக்குக் கொடுக்கலாம். பிள்ளை மனப்பாடம் செய்த எண்ணில், டியூஷன் அக்கா எழுதி வைத்திருக்கும் எண்ணில், யாரோ ஓர் அந்நியர் "ஹலோ" சொல்வார்.

சரி, செலவைக் குறைக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அதைச் சொல்ல யாருக்கும் ஆர்வம் இல்லை. டேட்டா இல்லாமல், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனிப் பேக் கொடுத்தாக வேண்டும் என்று ட்ராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் அவை வந்தன. ஏர்டெல்லில் 84 நாளைக்கு 469 ரூபாய், 365 நாளைக்கு 1,849 ரூபாய் என்று விலை வைத்தார்கள். ஜியோவில் 84 நாளைக்கு 448. அப்போதைய விலையில் கணக்குப் போடுங்கள். 199 ரூபாய் பேக்கை வருடத்துக்கு 13 முறை போட்டால் 2,587 ரூபாய். பட்டன் போனில் பிள்ளை தொடவே போகாத டேட்டாவுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பணம். ஆண்டு பேக் போட்டால் 738 ரூபாய் மிச்சம், 13 முறை நினைவு வைத்துக்கொள்ளும் தொல்லையும் இல்லை. மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்கு 84 நாள் பேக் இருக்கிறது. விலை அவ்வப்போது மாறும், வாங்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். செயலியின் முகப்பில் இந்தப் பேக்குகளைத் தேடினால் கண்ணில் படாது. தினமும் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று மினுக்குபவைதான் முன்னால் நிற்கும். கடைக்காரரிடம் "டேட்டா இல்லாத பேக்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

யார் பெயரில் சிம்?

பிள்ளையின் ஆதாரைக் கொண்டுவராதீர்கள். 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குச் சிம் கொடுக்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2021-லேயே சொல்லிவிட்டது. அப்பா அல்லது அம்மா பெயரில் வாங்குங்கள். திருப்பூரில் இருக்கும் சித்தப்பா பெயரில் சும்மா கிடக்கும் சிம்மும் வேண்டாம். பிள்ளை போனைத் தொலைத்துவிட்டால் அதே எண்ணில் டூப்ளிகேட் சிம் எடுக்கச் சித்தப்பா பஸ் பிடித்து வர வேண்டியிருக்கும். ஒருவர் பெயரில் 9 இணைப்புகள்தான் இருக்கலாம். ஏற்கெனவே எத்தனை இருக்கின்றன என்று அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்க்கலாம். நீங்கள் வாங்காத எண் ஒன்று உங்கள் பெயரில் இருந்தால் அங்கேயே புகார் செய்துவிடுங்கள்.

5-ல் அம்மா

ஸ்பீடு டயல் வைப்பது நல்ல பழக்கம். எந்தப் பட்டனில் வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். 2017 முதல் இந்தியாவில் விற்கும் போன்களில் ஆபத்து உதவிப் பட்டன் கட்டாயம். பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் அவசர உதவிக்கு அழைப்பு போகும் என்பது விதி. நடுவில் இருக்கிறது, விரலுக்குத் தட்டுப்படுகிறது என்று 5-ல் அம்மாவின் எண்ணைப் பதிய நினைப்பவர்கள் அதிகம். அம்மாவை 2-ல் வையுங்கள், அப்பாவை 3-ல். 5-ஐயும் 9-ஐயும் விளையாட்டாக அமுக்கக் கூடாது என்று பிள்ளையிடம் ஒருமுறை உட்கார வைத்துச் சொல்லுங்கள். 112 எதற்கு (அவசர உதவி), 1098 எதற்கு (குழந்தைகள் உதவி எண்) என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம்.

இன்னொன்று. பல நோக்கியா பட்டன் போன்களில் # பட்டனை அழுத்திப் பிடித்தால் சைலண்ட் ஆகிவிடும். கீபேட் லாக் போடாமல் புத்தகங்களுக்கு நடுவில் திணித்தால் ஜியாமெட்ரி பாக்ஸே அந்த வேலையைச் செய்துவிடும். ஆட்டோ லாக் போட்டுக் கொடுங்கள்.

சிம் போடும் கைக்கடிகாரம்

பெயர் தெரியாத நிறுவனத்தின் கடிகாரமாக இருந்தால் வேண்டாம். பிள்ளை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குக் காட்டுவதற்கு முன் அந்த விவரம் யாருடைய சர்வருக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைக்குத் தெரியாமல் சுற்றுப்புறப் பேச்சை ஒட்டுக்கேட்கும் வசதி உள்ள குழந்தைக் கடிகாரங்களை ஜெர்மனி 2017-லேயே தடை செய்தது.

ரிங்டோன் சந்தா

பிள்ளை ஏதோ பட்டனை அமுக்கிவிட்டது, இருப்பு குறைகிறது என்றால் 155223-ஐ அழையுங்கள், என்னென்ன சேவை ஓடுகிறது என்று கேட்டு நிறுத்தலாம். விளம்பர அழைப்புகளுக்கு 1909. இரண்டையும் கடையிலிருந்து கிளம்பும் முன்பே செய்யலாம்.

எண்ணை மனப்பாடம் செய்விக்காமல் விடுவது

போன் தொலைந்தால் உங்கள் எண்ணும் அதோடு போய்விடும்.

பள்ளிக்குக் கொடுத்து அனுப்புவது

வேண்டாம். பெரும்பாலான பள்ளிகளில் அனுமதி இல்லை. பையைச் சோதித்து எடுத்து வைத்துக்கொண்டால் நீங்கள்தான் அரைநாள் விடுப்புப் போட்டு, கடிதம் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். போன் டியூஷன் பையில் இருக்கட்டும். ஒரே பையைத்தான் இரண்டுக்கும் எடுத்துப் போகிறான் என்றால், டியூஷன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், சார்ஜரோடு.