கொழும்பிலிருந்து பரந்தனுக்கு: பவளத் தொட்டியில் புது மீன் சேர்ப்பது

உப்புத் தண்ணீர் மீன் வாங்குவதில் முதல் வேலை கடைக்குப் போவது இல்லை. தொட்டியில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள், வரப்போகிறவர் எவ்வளவு வளருவார், என்ன தின்பார் என்று வீட்டில் இருந்தபடியே முடிவெடுப்பதுதான். கடையின் நீல வெளிச்சத்துக்குக் கீழே எல்லா மீனும் வடிவாகத்தான் தெரியும்.

நான் கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கடையின் பின்னறையில் 4 அடித் தொட்டி. மீன் கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல், இரவு முழுக்க பஸ்ஸில் வருகிறது. அதனால் இங்கே சொல்வதெல்லாம் தூரப் பயணம் வந்த மீனுக்கான முறை. கடையிலிருந்து அரை மணித்தியாலத்தில் வீட்டுக்குக் கொண்டுபோகிறவருக்கு இதில் பாதி தேவைப்படாது.

"முல்லைத்தீவுக் கடல் பக்கத்தில்தானே, வலையில் வருகிறதைப் பிடித்துப் போடலாமே" என்று என் கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். வலையில் அடிபட்ட மீனுக்குச் சளியும் செதிலும் உரிந்திருக்கும், காயத்தில் கிருமி பிடித்து நாலைந்து நாளில் போய்விடும். பிழைத்தாலும் ஆள் சரியில்லை. கிளாத்தியும் பேத்தையும் நத்தை, இறால், நண்டு எல்லாவற்றையும் நொறுக்கும். களவாய் தன் வாய்க்குள் அடங்குகிற மீன் எதையும் விழுங்கும். ஓரா பாசி மேய்கிற நல்ல பிள்ளைதான், ஆனால் அதன் முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று கரையோரத்தில் கேட்டுப் பாருங்கள். பவளத்தைக் கடலில் உடைத்து எடுப்பதோ சட்டப்படி குற்றம், அந்தப் பேச்சே வேண்டாம். தண்ணீரையும் நான் கடலில் அள்ளுவதில்லை. மாரியில் வட்டுவாகல் முகத்துவாரம் வெட்டுப்பட்டால் நந்திக்கடல் களப்புத் தண்ணீர் கடலில் கலந்து, உப்பும் குறைந்து கலங்கிப் போகும். ஆர்.ஓ. வடிகட்டியில் சுத்தமாக்கிய தண்ணீரில் செயற்கை உப்புக் கலப்பதுதான் நம்பிக்கை. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் கல்லுத்தன்மை கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும்.

4 அடித் தொட்டிக்குக் கோமாளி மீன் ஒரு சோடி, கோபி, பிளெனி, கார்டினல், பயர்பிஷ் போன்ற சின்ன மீன்கள் பொருந்தும். பவுடர் புளூ டாங் எங்கள் இந்து சமுத்திரத்து மீன், விலையும் மலிவாக அகப்படும், பார்த்தால் கை தானாகக் காசை எடுக்கும். ஆனால் அதற்கு 6 அடி நீச்சல் இடம் வேண்டும், வெண்புள்ளி நோய் பிடிப்பதிலும் அதுதான் முன்வரிசை. வண்ணாத்திப்பூச்சி மீன்களில் பெரும்பாலானவை பவளத்தைக் கொத்தித் தின்னும். மற்ற மீன்களின் ஒட்டுண்ணியைத் தின்கிற துப்புரவு ராஸ் தொட்டியில் போதிய தீனி இல்லாமல் மெலிந்து சாகும். மாண்டரின் மீனும் அப்படித்தான், பாறையில் ஊரும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கோப்பிபொட் பூச்சிகளை நம்பி வாழ்கிறது. தொட்டி பழையதாகி அந்தப் பூச்சி பெருகும் வரை அதை வாங்குவது பாவம். டாம்செல் மீன் வேண்டும் என்றால் எல்லாருக்கும் கடைசியில் விடுங்கள். முதலில் போய் இடம் பிடித்துவிட்டால் பின்னால் வருகிற யாரையும் நிம்மதியாக இருக்க விடாது.

எல்லாக் காலத்திலும் எல்லா மீனும் வராது. சோளகம் வீசும் மாதங்களில் சுழியோடிகள் கிழக்குக் கரையில் மீன் பிடிப்பார்கள், வாடைக் காலத்தில் தெற்கிலும் மேற்கிலும். கேட்ட மீன் இல்லை என்றால் காத்திருங்கள், பதிலுக்கு வேறொன்றை வாங்காதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நான் மீன் எடுப்பதே இல்லை. சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, அதோடு மின்வெட்டும் சேர்ந்தால் சரி, முடிந்தது கதை.

கடைக்குப் போக முடியாதவருக்கு வட்ஸ்அப் வீடியோ போதும். "தம்பி, அந்த மீனுக்கு இப்ப கொஞ்சம் சாப்பாடு போடுங்கோ, பார்ப்பம்" என்று கேளுங்கள். தின்னாத மீனை வாங்க வேண்டாம். வயிறு உள்வாங்கியிருக்கிறதா, முதுகுத் தசை வற்றியிருக்கிறதா, செவுள் அடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறதா, கண் மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கடைக்கு வந்து ஒரு கிழமையாவது ஆகியிருக்க வேண்டும். அனுப்புவதற்கு முதல் நாள் தீனி நிறுத்தச் சொல்லுங்கள், பைத் தண்ணீர் அவ்வளவு அழுக்காகாது. ஒரு பையில் ஒரு மீன், இரட்டைப் பை, ஒட்சிசன், வெளியே ரெஜிபோம் பெட்டி. ஏசி பஸ்ஸின் குளிரும் சாதாரண பஸ்ஸின் எஞ்சின் சூடும் இரண்டுமே மீனுக்கு ஆகாது. பெட்டியை எங்கே வைப்பது என்று கொண்டக்டரிடம் முதலே பேசிவிடுவது நல்லது.

இன்னொரு கேள்வி, இதைத்தான் அநேகம் பேர் விடுகிறார்கள்: கடைத் தொட்டியின் உப்பு எவ்வளவு? ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தவும் உப்புச் செலவைக் குறைக்கவும் பல கடைகள் 1.018, 1.020 (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட பாரக் கணக்கு) என்று குறைத்து வைத்திருப்பார்கள். பவளத் தொட்டியில் இருக்க வேண்டியது 1.025. உப்புக் குறைவதை மீன் ஓரளவு தாங்கும், சடுதியாகக் கூடுவதைத் தாங்காது. எனவே மீன் வருமுன்பே, புது மீனை முதலில் தனியே வைக்கும் தனிமைத் தொட்டியின் உப்பைக் கடையின் அளவுக்கு இறக்கி வையுங்கள். உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீற்றரை, ஆயிரத்தில் 35 பங்கு உப்புள்ள அளவுத் திரவம் விட்டுச் சரிபார்த்த பிறகு அளந்தால்தான் அந்த எண்ணுக்குப் பெறுமதி. முள் ஆடுகிற பிளாஸ்டிக் மானியை நம்ப வேண்டாம்.

ஏன் இந்தப் பாடு என்றால், பைக்குள் நடக்கிறது இதுதான். மீன் மூச்சு விட விட காபனீரொட்சைட்டு சேர்ந்து தண்ணீரின் பீ.எச். இறங்குகிறது. மீன் கழிக்கிற அமோனியாவில் பெரும்பங்கு அந்தக் குறைந்த பீ.எச்.இல் அமோனியமாக இருக்கிறது, அதில் நஞ்சு குறைவு. பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு பறந்துவிடும், பீ.எச். ஏறும், அமோனியம் திரும்ப நஞ்சு அமோனியாவாக மாறும். வாளியில் ஊற்றி, குழாயால் ஒரு மணித்தியாலம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் முறையைப் பலரும் சொல்கிறார்கள். இரவு முழுக்கப் பையில் இருந்த மீனை அந்த ஒரு மணித்தியாலமும் நஞ்சுக்குள் வைத்திருப்பதாகத்தான் அது முடியும். உப்பு முதலே பொருந்தியிருந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: விளக்கை அணையுங்கள், மூடிய பையை 15, 20 நிமிடம் மிதக்க விடுங்கள், சூடு சமப்பட்டதும் திறந்து மீனை மட்டும் ஏந்தி உள்ளே விடுங்கள். பைத் தண்ணீர் ஒரு துளியும் தொட்டிக்குள் போகக் கூடாது. இறாலுக்கும் நத்தைக்கும் இது பொருந்தாது, அவற்றுக்கு உப்பு மாற்றம் மெதுவாகத்தான் நடக்க வேண்டும்.

தனிமைத் தொட்டிக்குச் செலவு பெரிதில்லை. 2 அடித் தொட்டி, ஒரு ஹீற்றர், ஒளிந்துகொள்ள எஸ்லோன் பைப் துண்டுகள், பெரிய தொட்டியின் வடிகட்டித் தொட்டியான சம்பில் சில கிழமை ஊறப் போட்ட ஸ்பொஞ்ச் பில்டர். அந்த ஸ்பொஞ்சில்தான் அமோனியாவைத் தின்னும் பக்டீரியா இருக்கிறது, புது ஸ்பொஞ்ச் வேலைக்கு ஆகாது. மணலும் பாறையும் போட வேண்டாம், மருந்துக்கு விடும் செப்பை அவை உறிஞ்சிவிடும். என் தொழில் புத்தியில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு முன் கீழே தொங்கி மேலேற வேண்டும், அப்போது வழிகிற உப்புத் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்கள். மின்வெட்டுக்கு ஒரு பற்றரிக் காற்றுப் பம்பும் வேண்டும்.

குறைந்தது 4 கிழமை மீன் இங்கேதான். முதல் கிழமை தினமும் அமோனியா பாருங்கள். உப்பை நாளுக்கு 0.001, மிஞ்சினால் 0.002 வீதம் ஏற்றுங்கள். தின்ன மறுக்கிற மீனுக்கு இறாலைக் கழுவி உறைய வைத்துத் துருவிப் போட்டால் பெரும்பாலும் வாய் திறக்கும். உடம்பில் உப்புக்கல் தூவியது போல் புள்ளி வந்தால் வெண்புள்ளி நோய். பவுடர் படிந்தது போல் மெல்லிய தூசி, வெளிச்சத்துக்கு ஒளிவது, வேகமான மூச்சு என்றால் வெல்வெட் நோய், அது இரண்டு மூன்று நாளில் கொல்லும். இரண்டுக்கும் செப்பு மருந்துதான். போத்தலில் எழுதிய அளவுக்கு, டெஸ்ட் கிட் வைத்து அளந்து விடுங்கள், ஊகித்து ஊற்ற வேண்டாம். கோமாளி மீனின் தோல் சளியாக உரிந்தால் அது புரூக்கினெல்லா என்ற ஒட்டுண்ணி, அதற்குச் செப்புக் கேட்காது, போமலின் மருந்து வேண்டும். பவளம் இருக்கிற தொட்டியில் செப்பை ஒருபோதும் விடக் கூடாது, பவளமும் இறாலும் நத்தையும் செத்துப்போகும். வெண்புள்ளி பெரிய தொட்டிக்குள் புகுந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, மீன் இல்லாமல் 76 நாள் விடச் சொல்வார்கள். ஒரு மாதத் தனிமை அதைவிடச் சுகம்.

தேறிய மீனைப் பெரிய தொட்டியில் நேரே விடாதீர்கள். தெளிந்த பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் சோல்டரிங் அயனால் நிறைய ஓட்டை போட்டு, உள்ளே உருகிய விளிம்பை உரசி மழுப்பி, தொட்டியின் ஓரத்தில் தொங்க விடுங்கள். புது மீன் இரண்டு மூன்று நாள் அதற்குள் இருக்கட்டும். பழையவர்கள் வந்து முறைப்பார்கள், பெட்டியில் முட்டுவார்கள், பிறகு சலித்துப் போவார்கள். சலிக்காதவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். திறந்து விடுவது விளக்கணைந்த பிறகு, பழையவர்களுக்கு வயிறு நிறையத் தீனி போட்டு. இரண்டு பாறையை இடம் மாற்றி வைத்தால் எல்லைச் சண்டை குறையும். பயர்பிஷும் ராஸும் முதல் சில இரவுகளில் பாயும், மூடி வேண்டும். நான் மரச்சட்டத்தில் தங்கூசி நைலோன் நூலை நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் கட்டி வைத்திருக்கிறேன். வெளிச்சமும் மறையாது, காற்றும் போகும்.

கொஞ்சம் துரத்துவது வழமை. செட்டை கிழிந்தால், புது மீன் தண்ணீர் மட்டத்து மூலையில் ஒதுங்கித் தின்னாமல் நின்றால் அது வழமை இல்லை. அப்போது அந்தப் பெட்டிக்குள் அடிக்கிறவரைப் போடுங்கள், அடிவாங்கியவரை வெளியே விட்டு. ஒரு கிழமைக்குப் பிறகும் ஆள் திருந்தாவிட்டால் கடைக்காரத் தம்பிக்கு வட்ஸ்அப் போட்டு, திருப்பி எடுப்பாரா என்று கேளுங்கள்.